நிறுத்தத்தில் நிற்பவர் எந்தக் கணக்கில் வருகிறார்?

2024 பிப்ரவரி 6. வள்ளலார் நகரிலிருந்து திருவேற்காடு போகும் 59-ஆம் எண் மாநகர பஸ், அமைந்தகரைப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. இறங்குவதற்காக ஒரு பெண் இருக்கையை விட்டு எழுகிறார். காலடியில் இருந்த பலகை உடைகிறது. கால்கள் ஓட்டைக்குள் இறங்கிவிட்டன. கீழே சாலை ஓடுகிறது. உடன் வந்தவர்கள் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் அடித்தார். அந்தப் பெண் உயிர் தப்பினார்.

இரண்டரை மாதம் கழித்து திருச்சி. டவுன் பஸ் ஒன்று வளைவில் திரும்பியபோது கண்டக்டர் உட்கார்ந்திருந்த இருக்கை கழன்று, இருக்கையோடு சேர்ந்து அவரும் சாலையில் விழுந்தார். அவரும் பிழைத்துக்கொண்டார். அதன் பிறகுதான், மாநிலத்தில் ஓடும் அரசு பஸ்கள் அனைத்தையும் 48 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும் என்று தலைமைச் செயலாளரின் உத்தரவு வந்தது.

எட்டு போக்குவரத்துக் கழகங்கள், ஏறத்தாழ 20,000 பஸ்கள், இரண்டே நாள். உத்தரவில் தவறில்லை. ஆனால் இந்த பஸ்கள் எங்கோ காணாமல் போயிருந்து திடீரென்று திரும்பி வந்தவை அல்ல. நாள்தோறும் பணி முடிந்து டெப்போவுக்கு வருகின்றன. டீசல் நிரப்புகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், விடிகாலையில் வெளியே அனுப்புகிறார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்று புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை பார்க்கப்படும் ஒரு பஸ்ஸில், பயணி மிதிக்கும் பலகை இற்றுப்போனது எந்தக் கணக்கிலும் ஏறாமல் போனது எப்படி?

பொதுப் போக்குவரத்து நன்றாக நடக்கிறதா என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பஸ்ஸை வைத்தா, அதில் ஏற நிற்பவரை வைத்தா? சென்னையில் இந்தக் கேள்வியை இப்போதே கேட்டாக வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்துவிட்டது. தனியார் நிறுவனம் ஓட்டும் மின்சார பஸ்கள் வந்துவிட்டன. 63,246 கோடி ரூபாயில் இரண்டாம் கட்ட மெட்ரோ எழும்புகிறது. எல்லாம் மாறுகிற நேரத்தில் அளவுகோல் மட்டும் பழையதாக இருந்தால், மாறியது எதுவும் பயணியின் கைக்கு வந்து சேராது.

டெப்போ மேசையின் மேல்

கழகங்கள் எதையும் அளக்கவில்லை என்று சொல்ல முடியாது. அளந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒவ்வொரு கிளை மேலாளரின் மேசைக்கும் காலையில் எண்கள் வந்துவிடுகின்றன. நேற்று எத்தனை பஸ் வெளியே போனது, எத்தனை சிங்கிள் (ஒருவழி டிரிப்) கட் ஆனது, கலெக்‌ஷன் எவ்வளவு, டீசல் எவ்வளவு. எண் குறைந்தால் விளக்கம் கேட்கிறார்கள். டீசல் சிக்கனத்துக்காகத் தமிழ்நாட்டுக் கழகங்கள் தேசிய அளவில் விருதுகளும் வாங்கியிருக்கின்றன.

> பெட்டிச் செய்தி: ஒரு பஸ்ஸுக்கு எத்தனை மார்க்?
>
> கையில் இருக்கும் பஸ்களில் அன்றாடம் ரோட்டில் இறங்குபவை எத்தனை சதவீதம் என்பது வாகனப் பயன்பாடு. ஒரு பஸ் ஒரு நாளில் ஓடும் தூரம் இன்னொரு எண். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது ‘கேஎம்பிஎல்’. கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்பது ‘இபிகேஎம்’. அதற்கு ஆகும் செலவு ‘சிபிகேஎம்’. இருக்கைகள் எவ்வளவு நிரம்பின, 10,000 கிலோமீட்டருக்கு எத்தனை பிரேக்டவுன், லட்சம் கிலோமீட்டருக்கு எத்தனை விபத்து, ஒரு பஸ்ஸுக்கு எத்தனை ஊழியர், ஒரு டயர் எவ்வளவு தூரம் உழைத்தது என்று பட்டியல் நீளும். நாடு முழுக்க அரசு போக்குவரத்துக் கழகங்கள் இந்த எண்களால்தான் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன.

ஒவ்வொன்றும் தேவையான எண்தான். டீசலையும் டயரையும் பார்க்காமல் எந்தக் கழகமும் ஒரு மாதம்கூட ஓட முடியாது. ஆனால் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பஸ் இருக்கிறது, டயர் இருக்கிறது, டிரைவரும் கண்டக்டரும் தலைக்கணக்காக இருக்கிறார்கள். பயணி, வசூலாகவும் நிரம்பிய இருக்கையாகவும் மட்டும் இருக்கிறார். ஏறிய பிறகுதான் அவர் கணக்குக்குள் வருகிறார். ஏறுவதற்கு முன் அவர் நின்ற நேரம் எங்கேயும் இல்லை. கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டியவர் இல்லை. காத்திருந்து அலுத்து, கடன் வாங்கி இரு சக்கர வாகனம் எடுத்துவிட்டவர் இல்லவே இல்லை.

எண் கேட்கப்படும் இடத்தில்தான் கவனமும் இருக்கும். இது டெப்போ ஊழியர்களின் குறை இல்லை. மெட்ரோ பணிக்காகத் தடுப்பு போட்டுச் சாலை பாதியாகிவிட்ட தடத்தில் கேஎம்பிஎல் இறங்குவது இயல்பு. முதல் கியரிலேயே ஊர்ந்தால் டீசல் குடிக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர். ஆள் பற்றாக்குறையால் டியூட்டி முடிந்தவரே அடுத்த டியூட்டியும் பார்க்க நேர்ந்தால், அந்தக் களைப்புக்கு எந்தப் பத்தியும் கிடையாது. 2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது காலிப் பணியிடங்களை நிரப்புவது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. 2025-இல் 3,274 டிரைவர்-கண்டக்டர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடாத டிரிப்புகளின் விலையை நிறுத்தத்தில் நின்றவர்கள் கொடுத்தார்கள்.

மணிக்கு ஆறு பஸ்: இரண்டு கணக்கு

காத்திருப்பை அளப்பது கடினம் என்று ஒரு பேச்சு உண்டு. கடினமில்லை. பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஒரு தடத்தில் மணிக்கு ஆறு பஸ் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஒழுங்காக வந்தால், எப்போது போய் நின்றாலும் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். அதே ஆறு பஸ் இரண்டிரண்டாகச் சேர்ந்து வந்தால் இடைவெளி 20 நிமிடம்; சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம். மும்மூன்றாக வந்தால் அரை மணி இடைவெளி. காத்திருப்பு 15 நிமிடம். மூன்று நிலையிலும் ஓடிய கிலோமீட்டர் ஒன்றே. டிரிப் எண்ணிக்கை ஒன்றே. டெப்போவின் ஏட்டில் மூன்று நாளும் ஒரே மாதிரி நல்ல நாள். நிறுத்தத்தில் நின்றவருக்கு மட்டும் காத்திருப்பு மூன்று மடங்காகிவிட்டது. அதோடு முதலில் வரும் பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள் தொங்குகிறது, பின்னால் வரும் பஸ் காலியாகப் போகிறது. அன்றைய சராசரி நிரம்பலைப் பார்ப்பவருக்கு இருக்கையும் ஆளும் சரியாக இருந்ததாகத்தான் தெரியும்.

பஸ்கள் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கின்றன? முதல் பஸ் ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் பிந்துகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் ஆள் கூடிவிடுகிறது. அத்தனை பேரும் ஏற இன்னும் நேரம் ஆகிறது. ஸ்டேஜ் முடிவதற்குள் டிக்கெட் போட்டு முடிக்க வேண்டும் என்பதால் சில சமயம் ஓரங்கட்டி நிற்கவும் வேண்டியிருக்கிறது. இப்படி நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிந்திக்கொண்டே போகிறது. பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ ஏற ஆளே மிச்சமில்லை. விரைவாக வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை. விட்டுவிட்டால் பஸ்கள் தாமாகவே கூடிவிடும். பிரித்து வைப்பதற்குத்தான் வேலை தேவை.

அந்த வேலைக்கு வழிகள் தெரிந்தவைதான். நடுவழியில் ஓரிரு இடங்களில் பஸ்ஸை ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்தி இடைவெளியைச் சரிசெய்யும் அதிகாரம் நேரக்காப்பாளருக்கு வேண்டும். ஓட்ட நேரத்தை இன்றைய நெரிசலுக்கு ஏற்ப மறுபடி எழுத வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய சாலைக்குப் போட்ட டைமிங்கை இன்றைய சாலையில் எட்டச் சொல்வது, டிரைவரை விரட்டுவது அல்லது டிரிப்பைக் கட் பண்ண வைப்பது. நிறுத்தத்தில் வேறு வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெரிசலான சாலையில் பஸ்ஸுக்குத் தனித்தடம் ஒதுக்க வேண்டும். கடைசி இரண்டும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் கையில் இல்லை. அந்தச் சிக்கலுக்குப் பிறகு வருவோம்.

மாநகர பஸ்கள் எங்கே இருக்கின்றன என்பது இப்போது ரகசியமும் இல்லை. ‘சென்னை பஸ்’ செயலி 2022 மே மாதம் வந்தது. 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் தரும் ‘சென்னை ஒன்’ வந்தது. ஜிபிஎஸ் இருக்கும்போது, எந்த நிறுத்தத்தை எந்த பஸ் எத்தனை மணிக்குத் தாண்டியது என்பதிலிருந்து காத்திருப்பு நேரத்தைக் கணினியே போட்டுவிடும். தனியாகக் கணக்கெடுப்பு வேண்டாம், புதிதாகக் கருவி வேண்டாம். அந்த எண்ணைக் கேட்கும் மேலதிகாரி வேண்டும்.

> பெட்டிச் செய்தி: லண்டன் என்ன செய்தது?
>
> லண்டனில் மணிக்கு ஐந்தும் அதற்கு மேலும் பஸ் ஓடும் தடங்களில் ‘கூடுதல் காத்திருப்பு நேரம்’ என்று ஓர் எண் கணக்கிடப்படுகிறது. அட்டவணைப்படி பஸ் வந்திருந்தால் பயணி சராசரியாக எவ்வளவு காத்திருப்பாரோ, அதற்கு மேல் உண்மையில் எவ்வளவு காத்திருந்தார் என்பதே அது. பஸ்களை ஓட்டுபவை தனியார் நிறுவனங்கள். 2001 முதல் அவற்றின் ஒப்பந்தத்திலேயே இந்த எண் சேர்ந்துவிட்டது: குறைந்தால் ஊக்கத்தொகை, கூடினால் பிடித்தம். 2000-ஐ ஒட்டி இரண்டு நிமிடத்துக்கு மேல் இருந்த இந்தக் கூடுதல் காத்திருப்பு, பத்தாண்டில் ஏறத்தாழ ஒரு நிமிடமாக இறங்கியது. பஸ் தனித்தடங்களும் 2003-இல் வந்த நெரிசல் கட்டணமும் உதவின. சிங்கப்பூர் 2014-இல் இதே முறையைச் சோதனையாகத் தொடங்கி, பிறகு தன் பஸ் ஒப்பந்தங்களில் சேர்த்துக்கொண்டது.

ஜீரோ டிக்கெட் சொல்லும் சேதி

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் இல்லை. அன்றைக்கே கலெக்‌ஷன் என்ற பழைய அளவுகோல் அந்த பஸ்களைப் பொறுத்தவரை உடைந்துவிட்டது. ஏறுவோரில் 60 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். அவர்களுக்கான தொகையை அரசு கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு மட்டும் 3,600 கோடி ரூபாய். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்கும் துணிக்கடைக்கும் போகிற பெண்ணுக்கு 888 ரூபாய் என்பது ஏறத்தாழ ஒரு சமையல் எரிவாயு சிலிண்டருக்கு ஆகும் காசு. இந்தத் திட்டத்தின் நன்மையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அதனால்தான் இதைச் சரியாக அளக்க வேண்டும் என்கிறேன். இலவசம் என்பது ஏறினால்தான் இலவசம். கட்டணம் உள்ள டீலக்ஸ் ஒன்று வந்து போகிறது, அந்தப் பெண் ஏறவில்லை. இன்னொரு டீலக்ஸும் போகிறது. முகப்பில் பிங்க் பூசிய சாதாரண பஸ்ஸுக்காக அவர் நின்றுகொண்டே இருக்கிறார். அந்தத் தடத்தில் மணிக்கு ஆறு பஸ் ஓடுகிறது என்று கழகம் சொல்வது உண்மை. அவருடைய கணக்கில் ஓடுவது அந்த ஆறில் பிங்க் பூசியவை மட்டும். வேலைக்கு அரை மணி பிந்தியதற்காகச் சம்பளத்தில் பிடித்தால், மிச்சப்பட்ட காசு அங்கேயே கரைகிறது. எனவே காத்திருப்பைத் தடத்துக்கு ஓர் எண்ணாகக் கணக்கிட்டால் போதாது. சாதாரண பஸ்ஸுக்கான காத்திருப்பு தனியாகத் தெரிய வேண்டும்.

கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் நடுவில், கூவத்தின் கரையிலும் மற்ற நீர்நிலைகளின் ஓரத்திலும் வாழ்ந்த குடும்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போய் அங்கே குடியமர்த்தினோம். வீடு நகர்ந்தது, வேலை மயிலாப்பூரிலும் அடையாறிலும் தி.நகரிலும் அப்படியே இருந்தது. அந்த மக்களுக்கு பஸ் என்பது வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் மிச்சமிருக்கும் ஒரே கயிறு. அங்கிருந்து விடிகாலையில் கிளம்பும் ஒரு சிங்கிள் ரத்தாவதும், நகரின் இன்னொரு மூலையில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு சிங்கிள் ரத்தாவதும் கிலோமீட்டர் கணக்கில் சமம். வாழ்க்கையில் சமமில்லை. எந்த டிரிப்பை எந்த நிலையிலும் கட் பண்ணக் கூடாது என்று ஒரு பட்டியல் வேண்டும்: விடிகாலை முதல் பஸ், ராத்திரி கடைசி பஸ், பள்ளி நேர பஸ். ஃபுட்போர்டில் தொங்கும் மாணவர்களைத் திட்டுவதற்கு முன்னால், அந்த நேரத்துக்கு அந்தத் தடத்தில் எத்தனை பஸ் வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கான தகவல் கண்டக்டரின் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஜீரோ மதிப்பில் ஒரு டிக்கெட் கிழிகிறது. எந்த ஸ்டேஜில், எந்த நேரத்தில் ஏறினார் என்பதற்கு அது சாட்சி. ஈட்டுத்தொகை கேட்பதற்கு மட்டும் அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டால், இந்த நகரத்துப் பெண்களின் நடமாட்டத்தைப் பற்றி இதுவரை யாருக்கும் கிடைக்காத பெரிய ஆவணத்தை வீணடிக்கிறோம்.

கிலோமீட்டருக்குக் காசு

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்கள் புறப்பட்டன. உலக வங்கி ஆதரவுள்ள திட்டம். முதல் கட்டத்தில் மொத்தம் 625 பஸ்கள். பஸ்ஸும் டிரைவரும் பராமரிப்பும் தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. கண்டக்டரும் கட்டண வசூலும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் நிறுவனத்துக்குக் கொடுக்கும்.

தொழிற்சங்கங்கள் இதைத் தனியார்மயத்தின் தொடக்கமாகப் பார்க்கின்றன. அந்த விவாதம் பெரியது. ஆனால் இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு: வசூல் நிறுவனத்துக்குச் சேராததால், ஆள் பிடிக்க ஓட்டப்பந்தயம் இல்லை, நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நிற்கிறார்கள் என்று தாண்டிப் போகவும் காரணம் இல்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கிலோமீட்டருக்குத்தான் காசு என்றால் நிறுவனம் கிலோமீட்டரைத்தான் கொடுக்கும். மூன்று பஸ் ஒட்டிக்கொண்டு வந்தாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தான். அரசுக் கழகம் ஓட்டும்போது மேலாளரைக் கூப்பிட்டுச் சொல்லித் திருத்தலாம். ஒப்பந்தத்தில் இல்லாததை நிறுவனத்திடம் பிறகு கேட்டால், நீதிமன்றத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

தாழ்தளம் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீண்ட காலம் போராடிப் பெற்றது அது. 400 மில்லிமீட்டர் உயரத்தில் தளம், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம். 2024 ஆகஸ்டில் தாழ்தள டீசல் பஸ்கள் வந்தன, அடுத்த ஆண்டு மின்சார பஸ்கள். ஆனால் சாய்தளத்தை இறக்க பஸ் நடைபாதையை ஒட்டி நிற்க வேண்டும். நிறுத்தத்தில் ஆட்டோவும் தள்ளுவண்டியும் நிற்க, நடைபாதை உடைந்து கிடக்க, பஸ் நடுரோட்டில் நின்று கிளம்புகிறது. கழகத்தின் அறிக்கையில் தாழ்தள பஸ்கள் இத்தனை என்று ஓர் எண் இருக்கும். சக்கர நாற்காலியில் எத்தனை பேர் உண்மையில் ஏறி இறங்கினார்கள் என்ற எண்ணைக் கேட்டுப் பார்க்க வேண்டும். முதல் எண் வாங்கியதைச் சொல்கிறது, இரண்டாவதுதான் கிடைத்ததைச் சொல்கிறது.

நல்ல சராசரிக்குள் ஒளிந்த பழுது

நன்றாக அளக்கிற ஊரும் தடுக்கி விழும். சிங்கப்பூரின் கதை நாம் கூர்ந்து படிக்க வேண்டியது.

2011 டிசம்பரில் அங்கே எம்ஆர்டி ரயில்கள் அடுத்தடுத்துப் பழுதாகி நின்றன. அரசு விசாரணைக் குழு போட்டது. அதற்குப் பிறகு, ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக்கும் இரண்டு பழுதுகளுக்கு இடையே ரயில்கள் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓடின என்ற எண்ணை முன்னால் வைத்து வேலை பார்த்தார்கள். 2015-இல் அது ஏறத்தாழ 1.33 லட்சம் கிலோமீட்டர். 10 லட்சம் என்று இலக்கு வைத்து, சிக்னல், தண்டவாளம், மின் விநியோகம் என்று மாற்றி மாற்றி, சில ஆண்டுகளில் எட்டியும் விட்டார்கள். உலகம் பாராட்டியது.

2024 செப்டம்பர் 25. கிழக்கு-மேற்குத் தடத்தில், 35 ஆண்டுக்கு மேல் பழைய ரயில் ஒன்றின் அச்சுப்பெட்டி கழன்று விழுந்தது. ரயில் தடம்புரண்டு இழுபட, தண்டவாளம் பல இடங்களில் முறிந்தது. ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவோனா விஸ்டாவுக்கும் இடையே ஆறு நாள் சேவை இல்லை. முழுப் பராமரிப்புக்கான இடைவெளி உரிய பொறியியல் ஆய்வு இல்லாமல் நீட்டிக்கப்பட்டிருந்ததை விசாரணை சுட்டிக்காட்டியது. நடத்தும் நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

சராசரி பொய் சொல்லவில்லை. ஆனால் சராசரியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு, பழைய ரயில் ஒன்றின் ஒரு பாகம் எத்தனை கிலோமீட்டர் தாண்டிவிட்டது என்பது தப்பிவிட்டது. சேவை எப்படி இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அந்தச் சேவையைத் தாங்கும் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியே கேட்டாக வேண்டும். அமைந்தகரை பஸ்ஸின் பலகை இந்த இரண்டாவது கேள்விக்குள் வருகிறது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அடித்தளம், இருக்கைப் பிணைப்பு, கதவு, பிரேக் என்று தனித்தனி நிலைமைப் பதிவு இருந்தால், தேதியிட்டு ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தால், 48 மணி நேர உத்தரவுக்கு அவசியமே வந்திருக்காது. 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று 2023 ஏப்ரல் முதல் மத்திய அரசின் விதி சொல்கிறது. அது வயதைப் பார்க்கும் விதி. இற்றுப்போன பலகைக்கு வயது வரம்பு தெரியாது.

இடைவெளிகளுக்குச் சொந்தக்காரர் இல்லை

பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. நிழற்குடை மாநகராட்சியுடையது. சாலை சில இடத்தில் மாநகராட்சி, சில இடத்தில் நெடுஞ்சாலைத் துறை. சிக்னல் போலீஸ். புறநகர் ரயில் தெற்கு ரயில்வே. மெட்ரோ தனி நிறுவனம். ஒரு பயணி காலையில் வீட்டிலிருந்து வேலைக்குப் போவதற்குள் இத்தனை பேரின் எல்லையைக் கடக்கிறார். ஒவ்வொருவரும் தங்கள் எல்லைக்குள் நன்றாகச் செய்ததாக எண் காட்டலாம். பயணம் மட்டும் மோசமாக இருக்கும்.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. பெரிய கட்டடம், அகலமான நடைமேடைகள், நல்ல வசதிகள். திறந்த அன்று அதை ஒட்டி ரயில் நிலையம் இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் விடிகாலையில் வந்து இறங்கியவர்கள், நகரத்துக்குள் போக மாநகர பஸ்ஸையோ ஆட்டோவையோதான் நம்ப வேண்டியிருந்தது. ஊரிலிருந்து கிளாம்பாக்கம் வரை ஆகும் கட்டணத்தையும், அங்கிருந்து வீட்டுக்கு ஆகும் ஆட்டோ கட்டணத்தையும் மக்கள் ஒப்பிட்டுப் பேசினார்கள். முனையம் கட்டியவர்களின் கணக்கில் திட்டம் முடிந்தது. பயணியின் கணக்கில் அது பாதியில் நின்றது.

பறக்கும் ரயில் இதைவிட நீண்ட கதை. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இல் ஓடத் தொடங்கி, வேளச்சேரியை 2007-இல்தான் எட்டியது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு மிச்சம் ஐந்து கிலோமீட்டர். 2008-இல் தொடங்கிய அந்த வேலை, சில நூறு மீட்டர் நிலத்துக்காகப் பத்தாண்டுக்கும் மேல் நின்றது. அந்த ஐந்து கிலோமீட்டர்தான் பறக்கும் ரயிலை மெட்ரோவோடும் தாம்பரம் தடத்தோடும் தெற்கே கோக்க வேண்டிய முடிச்சு. இதற்கு நடுவில், நான்காவது ரயில் பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்டில் கடற்கரை-சிந்தாதிரிப்பேட்டை பகுதியை மூடினார்கள். ஏழு மாதம் என்று சொன்னது 14 மாதமாக இழுத்தது. சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி வேறு வண்டி தேடியவர்களின் கூடுதல் செலவையும் நேரத்தையும் எந்தத் துறையும் தன் நஷ்டமாக எழுதிக்கொள்ளவில்லை. பறக்கும் ரயில் தடத்தில் பிரமாண்டமாகக் கட்டிய நிலையங்களில் பாதி இடம் இருட்டாகக் கிடந்ததும் அப்படித்தான். எத்தனை சதுர அடி கட்டினோம் என்று கேட்டவர்கள், எத்தனை பேர் பயமில்லாமல் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் படியில் ஏறுகிறார்கள் என்று கேட்கவில்லை.

> பெட்டிச் செய்தி: ஓர் ஒப்பீடு
>
> 2024-ஆம் ஆண்டு முழுவதும் சென்னை மெட்ரோவில் பயணம் செய்தவர்கள் 10.52 கோடி பேர். மாநகர பஸ்களில் நாளொன்றுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள். அதாவது மெட்ரோ ஓர் ஆண்டில் சுமப்பதை மாநகர பஸ்கள் ஏறத்தாழ ஐந்து வாரத்தில் சுமந்துவிடுகின்றன. மெட்ரோ வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மாநகரத்தின் பயணத்தை அளக்க எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

இந்த எல்லைகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக ‘கும்டா’, உண்டாக்கப்பட்டது. சட்டம் 2010-இல் வந்தது. குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். ‘சென்னை ஒன்’ அதன் முதல் பெரிய பலன். ஒரே டிக்கெட் வந்தது நல்லது. ஒரே டிக்கெட்டில் பயணம் செய்பவருக்கு ஒரே பொறுப்பாளரும் வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி ரயில் ஏற எத்தனை நிமிடம் நடந்தார், எத்தனை நிமிடம் நின்றார், லிஃப்ட் ஓடியதா, விளக்கு எரிந்ததா? இந்த நடுவெளியை அளக்கும் பொறுப்பை கும்டாவைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்க முடியாது. நிறுத்தத்தை மறித்து நிற்கும் வண்டியைப் பற்றி போலீஸிடமும், உடைந்த நடைபாதையைப் பற்றி மாநகராட்சியிடமும், எண்ணை முன்னால் வைத்துக் கேட்கிற அதிகாரமும் அதற்கு வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாத் தடங்களிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. பெரம்பூர்-பெசன்ட் நகர் 29சி போல ஊரே அறிந்த, அடிக்கடி ஓடுகிற சில தடங்களை முதலில் எடுக்கலாம். அவற்றில் மாதந்தோறும் கூடுதல் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிட்டு, அந்தந்த நிறுத்தத்தில் எழுதி வைக்கலாம். போன மாதம் சாதாரண பஸ்ஸுக்கு இத்தனை நிமிடம், இந்த மாதம் இத்தனை நிமிடம், பொறுப்பான கிளை இது. கிளை மேலாளரின் மதிப்பீட்டில் கேஎம்பிஎல்லுக்குப் பக்கத்தில் இதையும் வைக்கலாம். எண் மோசமானால் முதலில் டிரைவரைக் கேட்காமல் டைமிங்கையும் சாலையையும் பார்க்க வேண்டும் என்று விதியிலேயே எழுத வேண்டும். இல்லையென்றால் இதுவும் மெமோ கொடுக்க இன்னொரு காரணமாகிவிடும், ஊழியர்கள் இந்த எண்ணை வெறுக்கத் தொடங்குவார்கள்.

மின்சார பஸ்களை ஓட்டும் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் 12 ஆண்டுகளுக்கானது. வியாசர்பாடியிலிருந்து 2025-இல் முதலில் புறப்பட்ட பஸ்கள் 2037 வரை அதன் விதிகளின்படிதான் ஓடும். அடுத்தடுத்த டெண்டர்கள் வரப்போகின்றன. கிலோமீட்டருக்கான தொகையில் ஒரு பங்கு, நிறுத்தத்தில் நின்றவரின் காத்திருப்பைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும் என்ற விதி அந்த ஆவணத்தில் இடம்பெற வேண்டும். ஏலம் கேட்கும் நிறுவனங்கள் அதையும் கணக்கில் வைத்தே விலை சொல்லட்டும். டெண்டர் வெளியாவதற்கு முன், வரைவு நிலையிலேயே, அது பயணிகள் படிக்கத் தமிழில் கிடைக்க வேண்டும்.